முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள்: பழைய லெகோ மின்ரயில் பற்றி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அத்தை, தன் பிள்ளைகள் சின்ன வயதில் ஓட்டிய லெகோ ரயிலை (பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் பொம்மை) ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சாம்பல் நிறத் தண்டவாளம், அதன் நடுவில் இரண்டு உலோகப் பட்டைகள், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனையும் சரிந்த ஒரு ரயில், கனமான ஒரு டிரான்ஸ்பார்மர். இதை நம் ஊர் கரண்டில் போடலாமா, உதிரி கிடைக்குமா, இதோடு இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா, இல்லை விற்றுவிடுவது நல்லதா என்பது கேள்வி.

போடலாம் தம்பி. ஓடவும் செய்யும். ஆனால் இதைப் படித்து முடிக்கும் வரை அந்தப் பிளக்கைச் சுவரில் சொருகாதீர்கள்.

நான் செங்கோட்டைக்காரன். தொழில் மோட்டார் வைண்டிங். பம்புசெட்டும் மிக்சியும் சோறு போடுகின்றன, பழைய லெகோ ரயில் அந்தக் காசைத் தின்கிறது. அதனால் என் பதிலில் பொம்மையைவிட மின்சாரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் இறங்குகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். எஞ்சின் வெறும் கட்டைகள். உடைந்தால், தொலைந்தால், அதே கட்டையை எங்காவது பொறுக்கி மறுபடியும் கட்டிவிடலாம். கரண்ட் எந்த வழியாக மோட்டாருக்குப் போகிறது என்பதுதான் ஒரு ரயிலை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது, அந்த வழி தண்டவாளத்தில் இருக்கிறது. எனவே யார் எந்த ரயிலைக் காட்டினாலும் முதலில் குனிந்து தண்டவாளத்தைப் பாருங்கள்.

லெகோ மின்ரயில் 1966-ல் வந்தது. அப்போது தண்டவாளம் நீலம், குறுக்குக் கட்டைகள் வெள்ளை. பேட்டரியில் ஓடியது, நாலரை வோல்ட், அதாவது ஒன்றரை வோல்ட் செல் மூன்று. தண்டவாளத்தில் கரண்டே கிடையாது. 1969-ல் வீட்டுக் கரண்டில் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டும் 12 வோல்ட் ரயில் வந்தது. அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே உலோகப் பட்டைகளைச் சேர்த்தார்கள். 1980-ல் நீலம் போய் சாம்பல் வந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது இந்தக் காலத்துச் சரக்கு. 1991-ல் எல்லாவற்றையும் மாற்றி 9 வோல்ட் கொண்டுவந்தார்கள். அதில் நடுப்பட்டை இல்லை. இரண்டு பக்கத் தண்டவாளத்தின் மேலும் உலோகத் தகடு, சக்கரமே கரண்டை எடுத்துக்கொள்ளும். 2006-ல் ரிமோட்டில் ஓடும் பேட்டரி ரயில் வந்து, 2007-ல் 9 வோல்ட்டை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை எல்லாமே பேட்டரிதான், தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது 1985-ல் வந்த 7745 எண் கொண்ட நகர விரைவு ரயிலாக இருக்க வேண்டும். 12 வோல்ட் காலத்தில் பலரும் தேடுகிற ரயில்களில் அது ஒன்று. அத்தைக்கு என் சார்பில் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாம்பல் காலத்தில் நாலரை வோல்ட் பேட்டரி ரயிலும் 12 வோல்ட் ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடின. தண்டவாளம் தனி, குறுக்குக் கட்டை தனி, நடுப்பட்டை தனி, எல்லாவற்றையும் நாமே பொருத்த வேண்டும். நடுப்பட்டை இருந்தால் 12 வோல்ட், இல்லாவிட்டால் பேட்டரி. விற்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சிலர் சொல்லவும் மாட்டார்கள். “சாம்பல் தண்டவாளம் ஒரு லாட்” என்று மலிவாக விளம்பரம் வந்தால், படத்தைப் பெரிதாக்கி நடுவில் பட்டை மின்னுகிறதா என்று பாருங்கள். பட்டை இல்லாத தண்டவாளம் உங்களுக்கு வளைவு நீட்டிக்கத்தான் உதவுமே தவிர ரயிலை நகர்த்தாது. பட்டையை மட்டும் தனியாக வாங்கப் போனால்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று, அந்த நடுப்பட்டைகள் இரண்டும்தான் பிளஸ், மைனஸ். பக்கத் தண்டவாளத்தில் கரண்ட் இல்லை, அது சக்கரத்துக்கு வழிகாட்டி மட்டும். மோட்டாரின் அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன உலோகத் தொடுமுனைகள் இருக்கும். அவை பட்டையை உரசிக்கொண்டே போய்க் கரண்டை எடுக்கும். ரயில் ஓடவில்லை என்று எனக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை மோட்டார் கோளாறே இல்லை. இந்தத் தொடுமுனையில் அழுக்கு, அல்லது பட்டையில் பாசி படிந்ததுபோல் கறுப்பு, அல்லது பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் இளக்கம், இவ்வளவுதான்.

இப்போது டிரான்ஸ்பார்மர். இதில் மட்டும் அவசரம் கூடாது.

அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜெர்மனியில் வாங்கியது என்றால் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். இங்கிலாந்தில் விற்றது 240. அமெரிக்காவிலிருந்து வந்தது 120, அதை நம் வீட்டில் சொருகினால் புகைதான் வரும். நம்முடைய சப்ளை பெயருக்கு 230. ஆனால் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மீட்டர் வைத்துப் பாருங்கள், 245, 250 என்று காட்டும். 220-க்கு என்று சுற்றிய நாற்பது வருடப் பழைய காயிலுக்கு அது நல்லதில்லை. சூடு ஏறும், உள்ளே முனகல் சத்தம் வரும். ஒரு சின்ன ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுங்கள். டிவிக்கு வைக்கிற அளவு போதும்.

சொருகுவதற்கு முன் நான் செய்வது இது. டிரான்ஸ்பார்மரை இரண்டு நாள் உலர வைப்பேன். எங்கள் கடையில் வார்னிஷ் உலர்த்துவதற்கு ஒரு மரப்பெட்டிக்குள் நூறு வாட் குண்டு பல்பு எரியும், அதில் வைத்துவிடுவேன். உங்களுக்கு அந்த வசதி இல்லாவிட்டால் அரிசி டின்னுக்குப் பக்கத்தில், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். நேர் வெயிலில் வேண்டாம், கூடு பிளாஸ்டிக். அப்புறம் ஐந்நூறு வோல்ட் மெக்கரை, அதாவது மின்கசிவு பார்க்கும் மீட்டரை வைத்து, வீட்டுக் கரண்ட் வரும் பக்கத்துக்கும் 12 வோல்ட் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். நூறு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதற்கு நான் கரண்ட் கொடுக்க மாட்டேன். குழந்தை கையால் தொடும் தண்டவாளம் அது. உங்கள் ஊரில் எந்த வைண்டிங் கடையிலும் மெக்கர் இருக்கும், ஒரு டீக்காசில் பார்த்துக் கொடுப்பார்கள்.

மெக்கரில் தேறினால் சீரிஸ் பல்பு. அறுபது வாட் பல்பை வரிசையில் போட்டு அதன் வழியாக டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ சரி. பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். இதைச் செய்து பழக்கம் இல்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பொம்மை என்றாலும் அந்தப் பக்கம் இருப்பது 230 வோல்ட்.

கசிவு இருக்கிறது என்றால் சுற்றிக் கட்டலாம்தான், ஆனால் அந்தக் கூட்டைப் பிளக்காமல் உள்ளே போவது கஷ்டம். அதைவிட நல்ல வழி, பழையதை அப்படியே அழகுக்கு வைத்துவிட்டு, ஒழுங்கான 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்றும் வேகம் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்னக் கன்ட்ரோலரும் வைத்து ஓட்டுவது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டும் கிடைக்கும். திசை மாற்ற, பிளஸ் மைனஸை மாற்றும் ஒரு சுவிட்ச். அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மர் செய்வதும் அதையேதான். திருகை நடுவிலிருந்து ஒரு பக்கம் திருப்பினால் முன்னே, மறுபக்கம் திருப்பினால் பின்னே.

பிளக் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன் பிளக்கின் உருண்டைக் கால்கள் நம் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆனால் கொஞ்சம் மெலிந்தவை, ஆடும். ஆடினால் பொறி, பொறி வந்தால் சாக்கெட் கருகும். நல்ல மாற்று அடாப்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு நம் ஊர் பிளக் போடுவது எனக்குப் பிடிக்காது. நாளைக்கு யாருக்காவது கொடுக்கிறபோது அந்த வெட்டு உறுத்தும்.

மோட்டாருக்கு வருவோம். ரயிலில் பூட்டியபடியே பார்க்காமல், தனியாகக் கழற்றி மல்லாத்தி வைத்து, அடியில் இருக்கும் தொடுமுனைகளில் ஒயரை வைத்து ஆறு வோல்ட் அளவுக்குக் கொடுங்கள். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியும் போதும், சில விநாடிக்குத்தான். சுற்றினால் நிம்மதி. சுற்றாமல் விம்மினால் அச்சில் தலைமுடி, கார்பெட் நூல், காய்ந்த கிரீஸ் ஏதாவது சுற்றியிருக்கும். ஜெர்மன் வீட்டுக் கார்பெட் நூலை நான் இந்த மோட்டார்களிலிருந்து எவ்வளவோ உருவியிருக்கிறேன். ஊசியும் பல்குத்தும் குச்சியும் வைத்துப் பொறுமையாக எடுங்கள். விம்மலும் இல்லை, சுற்றலும் இல்லை என்றால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அந்தப் பிரஷ் உரசிச் சுற்றும் கம்யூட்டேட்டரில் கறுப்பு ஏறியிருக்கலாம்.

எங்கள் தொழில்காரர்கள் கையில் முதலில் வருவது பெட்ரோலும் தின்னரும்தான். இங்கே அது கூடவே கூடாது. லெகோ கட்டை 1963-லிருந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வருகிறது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எல்லாம் அதைத் தின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக்கடையிலும் மொபைல் ரிப்பேர் கடையிலும் கிடைக்கும், பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும். உலோகப் பட்டைகளுக்கும் அதுவே. எமெரி பேப்பர் வேண்டாம். பட்டையின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே துரு. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் அதைவிட மோசம். அதன் துகள் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது. அச்சுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றால் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ், ஊசி முனையளவு. பிரஷ் பக்கம் எண்ணெய் போகக் கூடாது.

சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் எஞ்சின் நின்ற இடத்திலேயே சுற்றும். அதே அளவு வளையம் உதிரியாகக் கிடைக்கிறது. அவசரத்துக்குக் குழாய் ரிப்பேர்க் கடையில் கிடைக்கும் ஓ ரிங் ஒன்றை அளவு பார்த்துப் போட்டும் ஓட்டலாம்.

எங்கே வாங்குவது என்பது அடுத்தது. இங்கே கடையில் கிடைக்காது, அந்தக் காலத்திலேயே 12 வோல்ட் ரயில் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் விற்றது. உதிரிக்கு உலகம் முழுக்கப் போகும் இடம் பிரிக்லிங்க் சந்தை. 2000-ல் ஒரு ரசிகர் தொடங்கியது, 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கிறது, எண் போட்டுத் தேடினால் எந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று காட்டும். ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு வளைவுத் தண்டவாளம் உங்கள் ஊர் தென்னங்கன்று விலையைத் தாண்டும். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்குக் கணக்கு வேறு, ஆனாலும் ஆர்டர் போடும் முன் கூரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கொச்சியில் பார்சல் மாட்டிக்கொண்ட பிறகு கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்காது.

இந்த இடத்தில் நம் எல்லைப்புறத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்கள் பக்கம் ஒரு தெருவுக்கு இரண்டு பேராவது வெளிநாட்டில் இருப்பார்கள். எனக்கு நல்ல சரக்கு வந்ததெல்லாம் லீவுக்கு வந்தவர்களின் பெட்டியில்தான். ஜெர்மனி, டென்மார்க், ஹாலந்து பக்கம் பழைய பொருள் சந்தையில் இது இன்னும் கிடைக்கிறது. வருகிறவரிடம் எஞ்சின் கேட்காதீர்கள். நடுப்பட்டையோடு நேர்த் தண்டவாளம், வளைவு, பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடத்துத் தண்டவாளம்) என்று கேளுங்கள். அவருக்கும் தூக்க எளிது, உங்களுக்கும் அதுதான் தேவை. கூடவே, பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கான வரம்பு அவ்வப்போது மாறுகிறது, அவர் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாங்கும் வரிசை என்று கேட்டால் என் கட்சி இதுதான்: ஓடும் ஒரு மோட்டார் கையில் இருக்கிறது என்றால் இரண்டாவது மோட்டார் ஒன்றை உதிரிக்கு வாங்குங்கள். அப்புறம் தண்டவாளம். அப்புறம் ரிமோட் பாயின்ட், சிக்னல், கேட். 1980-க்குப் பிறகு வந்த 12 வோல்ட் ரயிலின் முழு அழகும் இவற்றில்தான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் சுவிட்ச் பெட்டிகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து பாயின்ட் மாற்றலாம், சிக்னல் போடலாம், லெவல் கிராசிங் கேட்டை இறக்கலாம், பெட்டியை எஞ்சினிலிருந்து கழற்றிவிடலாம். பிறகு வந்த 9 வோல்ட்டில் இதெல்லாம் கிடையாது, பாயின்ட்டைக் கையால்தான் தள்ள வேண்டும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பதால்தான் பலர் இன்னும் 12 வோல்ட்டை விடாமல் பிடித்திருக்கிறார்கள். புதிய எஞ்சின் கடைசியில் வாங்கினால் போதும்.

9 வோல்ட் பக்கமும் போகலாமா? போகலாம், அதில் 1991-ல் வந்த மெட்ரோலைனரும், 2002-ல் வந்த சாண்டா ஃபே சூப்பர் சீஃப் எஞ்சினும் பேர்போனவை. ஆனால் உங்களுடைய 12 வோல்ட் மோட்டார் அந்தத் தண்டவாளத்தில் ஓடாது, அந்த மோட்டார் இதில் ஓடாது. தண்டவாள அகலம் மட்டும் 1966-லிருந்து மாறவில்லை. அதனால் பெட்டிகளை எதன் பின்னாலும் இழுக்கலாம். 9 வோல்ட் வாங்கினால் ஒயரைக் கவனியுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒயரின் மேலுறை காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்கிறது, உள்ளே செம்பு வெளியே தெரியும். படத்தில் நன்றாகத் தெரியும் ஒயரும் கையில் எடுத்து மடக்கினால் உதிரும். பழைய முனைக்கட்டைகளை வைத்துக்கொண்டு புது ஒயர் பற்றவைத்துக் கொள்ளலாம், பெரிய வேலை இல்லை.

மஞ்சள் நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெள்ளைக் கட்டை இருக்கிற ரயில் என்பதால் கேட்கத்தான் போகிறீர்கள். வெள்ளையும் பழைய சாம்பலும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மோட்டாரும் விளக்கும் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. பாதி மஞ்சள் வெறும் அழுக்காக இருக்கும், இதிலேயே போய்விடும். மீதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் 6 சதவீதம் என்று எழுதிய பாட்டில். ஸ்டிக்கரோ அச்சடித்த படமோ உலோகமோ இல்லாத கட்டைகளை மட்டும் ஒரு கண்ணாடி ஜாடியில் அதில் மூழ்க வைத்து, வெயிலில் வைக்க வேண்டும். கட்டை மிதக்கும், மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்து அழுத்துங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு வரும். கையுறை போடுங்கள். ஐரோப்பாக்காரர்கள் இதற்கு விளக்கு வாங்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள், பாலக்காட்டு மார்ச் மாத வெயிலுக்கு ஒரு பகல் போதும். அதிக நேரம் விட்டால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும், இடையிடையே எடுத்துப் பாருங்கள். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் எட்டிப் பார்க்கும். எனக்கு இந்த வேலையில் அவ்வளவு ஆசை இல்லை. கொஞ்சம் பழுப்பேறிய ரயில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உடைந்த கட்டைக்கு மாற்று வாங்கும்போது சாம்பலில் ஏமாறாதீர்கள். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. புதியதில் ஒரு நீலச் சாயல் இருக்கும், பழையதில் லேசான மஞ்சள் சாயல். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். வாங்குகிற இடத்தில் பழைய சாம்பல் என்றே கேளுங்கள்.

மழைக்கு வருவோம். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி, அதனால் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம், வீட்டில் இருக்கிற உலோகத்துக்கு நரகம். பருத்தித் துணி கூட உலராது. அந்த மாதங்களில் நான் நடுப்பட்டைகளைக் கழற்றி, துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டுவிடுவேன். செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற பைகள் போதாது, கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள். அட்டைப் பெட்டியை மட்டும் தனியாக, தரையில் படாமல் வையுங்கள். நம் பக்கத்தில் கரையானும் வெள்ளிப் பூச்சியும் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் பக்கத்துக் கவலை வேறு, கோடையில் நாற்பது டிகிரி தொடுகிற வெயில். ஓட்டுக்குக் கீழே பரணில் ஏற்றினால் ஸ்டிக்கரின் பசை காய்ந்து உரிந்து வரும். வீட்டின் நடு அறை அலமாரிதான் நல்ல இடம்.

சரி, ஓட்டுவது. பதினாறு வளைவு சேர்ந்தால் ஒரு முழு வட்டம், இது 1966-லிருந்து அப்படியே. நடுக்கோட்டில் அளந்தால் 64 சென்டிமீட்டர் விட்டம், குறுக்குக் கட்டைகளின் வெளி விளிம்பு வரை எழுபது. ஒரு நேர்த் தண்டவாளம் 12.8 சென்டிமீட்டர். இதை வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு இடத்தைத் தேடுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றில் இரண்டு பாதையும் ஒரு ஸ்டேஷனும் தாராளமாகக் கொள்ளும். தரையிலும் ஓட்டலாம், டைல்ஸ் தரை என்றால் சத்தம் அதிகம், கீழே கோரைப் பாய் போடுங்கள்.

திருப்பிக்கொண்டு வந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் லூப் மட்டும் போடாதீர்கள். இடது பட்டை வலது பட்டையோடு போய்ச் சேரும், பிளஸும் மைனஸும் ஒன்றாகி ஷார்ட். பேட்டரி ரயிலுக்கு இந்தக் கவலை இல்லை. பாதை நீளமானால் டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் ரயில் சோர்ந்து போகும். அங்கேயும் ஒரு ஒயர் கொடுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல். ஆரம்பத்தில் முழு வேகம் வேண்டாம், வளைவில் கவிழும்.

ஏற்றம் போட ஆசை வரும், எனக்கும் வந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு வராமல் இருக்குமா? கொல்லம் செங்கோட்டைப் பாதை 1904-ல் திறந்தது, அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர். 1956-ல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, பாதை மலையைத் தாண்டி அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தி, 2018-ல் அகலப்பாதையில் மறுபடியும் ரயில் விட்டார்கள். கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் கல்பாலத்தைப் பார்த்து வளர்ந்தவன் லெகோ கையில் கிடைத்தால் வேறு எதைக் கட்டுவான்? வளைவுக் கட்டைகளை அடுக்கி ஒன்று கட்டியிருக்கிறேன், பதிமூன்று கண்ணும் உண்டு, நீளம் மட்டும் நிஜத்தின் விகிதத்துக்கு வராது. வந்தால் வீட்டு வாசலைத் தாண்டும்.

கணக்கு சொல்கிறேன். ஒரு நேர்த் தண்டவாளத்துக்கு ஒரு தட்டைக் கட்டை உயரம், அதாவது 128 மில்லிமீட்டருக்கு 3.2 மில்லிமீட்டர், நாற்பதுக்கு ஒன்று. நல்ல ரப்பர் வளையம் இருந்தால் ஒரு மோட்டார் இரண்டு மூன்று பெட்டியை இதில் ஏற்றிவிடும். அதற்கு மேல் சரிவு வைத்தால் சக்கரம் வழுக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் திடீரென்று மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடங்கினால் தொடுமுனை பட்டையை விட்டு எழும்பி ரயில் நின்றுவிடும். ஏற்றத்திலேயே வளைவும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம். எங்கள் மலைப்பாதையை ஆரியங்காவு பக்கம் எப்படித்தான் போட்டார்களோ என்று அப்போது தோன்றும்.

மீட்டர்கேஜ் பெட்டி கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் 37.5 மில்லிமீட்டர். மீட்டர்கேஜின் 1000 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 27-ல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டர் என்றால் 45-ல் ஒரு பங்கு. லெகோ பெட்டியின் அகலம் வழக்கமாக ஆறு புள்ளி (கட்டையின் மேல் இருக்கும் குமிழைத்தான் புள்ளி என்கிறேன்), 48 மில்லிமீட்டர். அது இரண்டுக்குமே ஒல்லி. அகலப்பாதைப் பெட்டி எட்டுப் புள்ளியில் கட்டினால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் பழைய கேட்டிலும் சிக்னலிலும் இடிக்கும். நான் ஆறிலேயே நிற்கிறேன்.

விற்பதா என்றால், வேண்டாம். பணம் அவசரம் என்றால் வேறு விஷயம். அட்டைப் பெட்டியும் விளக்கப் புத்தகமும் கெடாமல் இருந்தால் விலை கூடும், கண்ணாடி ஜன்னல் கீறாமல், ஸ்டிக்கர் உரியாமல் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் இதை ஐரோப்பாவில்தான் நல்ல விலைக்கு வாங்குவார்கள், அங்கே அனுப்பும் செலவு லாபத்தைச் சாப்பிட்டுவிடும். இங்கே யாராவது “பழைய பிளாஸ்டிக்தானே” என்று ஒரு தொகை சொல்வார். பெட்டியைத் திறந்து அவருக்குக் காட்டவே காட்டாதீர்கள். சீல் வைத்த மாதிரி மூடி வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஓடாத மோட்டாரில் கிரீஸ் இறுகும், பிரஷ் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறையாவது பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

மெக்கர் கிடைக்கவில்லை என்றாலோ, மோட்டார் அசையவே இல்லை என்றாலோ ஒரு காரியம் செய்யுங்கள். டிரான்ஸ்பார்மரையும் மோட்டாரையும் மட்டும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாலக்காட்டில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், நேராகச் செங்கோட்டையில் இறங்கலாம். ராத்திரியில் வருவதால் வழியில் பாலம் தெரியாது. மோட்டாரின் அடிப்பக்கப் படம் ஒன்றை மட்டும் முன்னதாக அனுப்பிவிடுங்கள், தொடுமுனை தேய்ந்திருந்தால் மாற்று இருக்கிறதா என்று என் டப்பாவில் தேடி வைக்கிறேன்.